கூண்டைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

செருப்பை மாடிப்படியிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் தள்ளினேன். மந்தைவெளியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம், முதல் மாடி. ஹாலில் இரவு விளக்கு எரிந்தது. துண்டில் சுற்றி வைத்த அலாரம் கடிகாரம் டிக் டிக் என்றது. வேறு சத்தம் இல்லை.

சத்தம் இல்லாததுதான் முதலில் உறைத்தது. ஐம்பது நாள் ஆன நாய்க்குட்டி தூங்கும்போதும் சும்மா இருக்காது. முனகும், மூக்கால் ஊதும், கனவில் பால் குடிக்கும்.

கூண்டுக்குப் பக்கத்தில் குந்தினேன். குட்டியின் கண் திறந்திருந்தது. வாயோரம் எச்சில் நுரையாக வழிந்து, கீழே விரித்திருந்த வேட்டி நனைந்திருந்தது. பின்னங்கால் இரண்டும் துடித்தன. குளிரில் நடுங்குவது மாதிரி இல்லை. உள்ளேயிருந்து யாரோ கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுப்பது மாதிரி இருந்தது.

எறும்பு வராமல் இருக்கக் கூண்டைச் சுற்றி நான் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தேன். அதில் ஒரு பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இல்லை. அந்த இடத்தில் தரை ஈரமாகப் பளபளத்தது.

கம்பி வழியாக நக்கின ஈரம்.

டீ குடித்துவிட்டு வந்த வாய் அப்படியே கசந்துபோயிற்று.

நாய்க்கு நைட் டூட்டி

இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். மழைக்காலம்.

ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதன் பிறகு எந்த இடத்திலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. கல்யாணச் சமையல் கோஷ்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் கழுவினேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவை பிரித்துக் காட்டினேன். நின்று நின்று கால் யானைக்கால் மாதிரி வீங்கியதும் அதையும் விட்டேன். இதற்கு முந்தைய அத்தியாயங்களில் அந்தக் கதைகளையெல்லாம் எழுதிவிட்டேன்.

கடைசியில் கிடைத்தது ராத்திரி அட்டெண்டர் வேலை. வீட்டோடு படுத்துவிட்ட நோயாளிக்குப் பக்கத்தில் இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை விழித்திருக்க வேண்டும். எனக்கு அது ஒத்துவந்தது. நோயாளி எழுந்து நடந்தாலும் வேலை முடிந்துவிடும், இறந்தாலும் முடிந்துவிடும். எப்படியும் நான் கிளம்பிவிடலாம்.

அப்படித்தான் வத்சலா மாமியின் வீட்டுக்கு முதலில் போனேன். மாமியின் கணவரை நான் சார் என்பேன். பக்கவாதம். பத்து மாதம் பார்த்துக்கொண்டேன். அவர் போனபின் என் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வருஷம் கழித்து மாமியிடமிருந்து போன்.

“மல்லிகா, ராத்திரி டூட்டிக்கு வர முடியுமோ?”

“யாருக்கு மாமி உடம்பு சரியில்ல?”

“எல்லாரும் நன்னாத்தான் இருக்கோம். ஆத்துக்கு ஒரு நாய்க்குட்டி வரது.”

மாமியே விவரம் சொன்னார். சார் போனதிலிருந்து தூக்கமில்லை, டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒன்பதரைக்குப் போட்டால் இடி விழுந்தாலும் தெரியாது. ஆனால் குட்டிக்கு முதல் பத்து ராத்திரி பக்கத்தில் ஆள் வேண்டும். தாயை விட்டு வந்தது, அழும். நடுவில் ஒன்றுக்கு விட வேண்டும்.

“நீ பெரிசா ஒண்ணும் பண்ண வேண்டாம். பக்கத்துல உக்காந்திரு. எழுந்து மட்டும் போயிடாதே.”

“போகமாட்டேன் மாமி,” என்றேன்.

அப்போது நான் தேனாம்பேட்டையில் நாலு பெண்களோடு ஒரே அறையில் இருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அறையே சிரித்தது. “நேத்து வரைக்கும் மனுசனுக்கு பெட்பேன் வச்ச. இன்னிக்கு நாய்க்கா? நாளைக்கு இன்னா, பல்லிக்கா?” என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். படுக்கையில் விழுந்தவரைப் புரட்டிப்போட வேண்டாம், புண்ணுக்கு மருந்து வைக்க வேண்டாம். நாய்க்குட்டிதானே என்று நினைத்தேன்.

அவனோட ரூம்

மாமியின் மகள் வெளிநாட்டிலிருந்து ஒரு கம்பிக் கூண்டு வாங்கி அனுப்பியிருந்தாள். எப்படித் தயார் செய்ய வேண்டும் என்று மாமியின் போனுக்கு நீளமாக ஒரு பட்டியலும் வந்திருந்தது.

“கூண்டுன்னு சொல்லாதே. ஜெயில் மாதிரி இருக்கு. அவனோட ரூம்னு சொல்லு,” என்றார் மாமி.

“ரூம்ல பாத்ரூம் இல்லையே மாமி.”

“அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்.”

வளர்ந்த நாய்க்கான கூண்டு அது. குட்டிக்குப் பெரிசு. இடம் அதிகமாக இருந்தால் ஒரு மூலையில் தூங்கி மறு மூலையில் ஒன்றுக்குப் போய்விடுமாம். நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். பாதியை எதை வைத்து அடைப்பது என்று தேடினோம். சுவாமி அறையில் உட்காரும் மனைப்பலகை அளவாக இருந்தது. மாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். “சரி, பகவான் ஒண்ணும் கோச்சுக்கமாட்டார்,” என்று நீட்டினார். குறுக்கே செங்குத்தாக நிறுத்திக் கயிற்றால் கட்டினேன்.

படுக்கை விஷயத்தில் எனக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. வருஷக்கணக்கில் மனிதர்களுக்குப் படுக்கை போட்டவள். கீழே கனமாக விரிக்க வேண்டும், மேலே சுருக்கம் இருக்கக்கூடாது, முகத்துக்குக் காற்று வர வேண்டும். மூன்று பக்கமும் பழைய போர்வையால் மூடி, நான் உட்காரும் பக்கத்தை மட்டும் திறந்து வைத்தேன். சாருக்கு ஒத்தடம் கொடுத்த ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி ஒரு ஓரமாக வைத்தேன். சூடு அதிகமானால் குட்டி தள்ளிப் படுக்க இடம் விட்டேன். அலாரம் கடிகாரத்தை இன்னொரு துண்டில் சுற்றி வைத்தோம். தாயின் நெஞ்சுத் துடிப்பு என்று குட்டி நினைத்துக்கொள்ளுமாம்.

விரிப்புக்கு மாமி பீரோவைத் திறந்தார். சாரின் வேட்டிகளில் இரண்டைத்தான் வைத்திருந்தார், மற்றதெல்லாம் கொடுத்தாயிற்று. ஒன்றை எடுத்து நாலாக மடித்தார். பிறகு அதைப் பிடித்தபடியே நின்றார்.

“அவருக்கு நாய்ன்னா பயம். தெருவுல நாய் படுத்திருந்தா எதிர் பிளாட்பாரத்துக்குப் போயிடுவார்.”

“வேற துணி எடுக்கட்டுமா மாமி?”

“வேண்டாம். பயம் தெளியட்டும்.”

வேட்டியை அவரே விரித்தார்.

குட்டி கோபாலபுரத்திலிருந்து வந்தது. ஒரு பங்களாவின் கார் ஷெட்டில் தெரு நாய் போட்ட ஐந்து குட்டிகளில் ஒன்று. வெளிர் பழுப்பு நிறம், ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை. தாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டைக் கிழித்து அந்த வீட்டுக்காரர்கள் கூடவே அனுப்பியிருந்தார்கள். “இதையும் உள்ள வைக்கணுமா? ஆத்துக்குள்ளேயா?” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார் மாமி. பிறகு அவரே அதை வேட்டிக்கு அடியில் செருகினார். கிச்சு என்று பெயரும் வைத்தார்.

மாக்கோலம்

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மாமி சமையலறையிலிருந்து கிண்ணத்தோடு வந்தார். அரிசியை ஊறவைத்து அரைத்த மாவு.

“புது ஜீவன் ஆத்துக்கு வந்திருக்கு. ஒரு கோலம்கூட இல்லாம எப்படி?”

தரையில் உட்கார்ந்து, மாவில் தோய்த்த துணியை விரல்களுக்கு நடுவே பிடித்து, கூண்டைச் சுற்றி இழைகோலம் போட்டார். அந்த வீட்டில் பத்து மாதம் இருந்திருக்கிறேன். மாமியின் கை இவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியாது.

குட்டி தள்ளாடிக்கொண்டு வந்தது. கோட்டை முகர்ந்தது. நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது. பிறகு ஓரத்திலிருந்து கோட்டின்மேலேயே நடந்துகொண்டு, பென்சில் கோட்டை ரப்பர் அழிப்பது மாதிரி, நக்கிக்கொண்டே போனது.

“ஏய் கிச்சு! மல்லிகா, இங்கே பாரேன், கோலத்தைச் சாப்பிடறான்!” மாமி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். “கோலம் போடறதே எறும்பு திங்கத்தானே. இவனும் திங்கட்டும் போ.”

நானும் சிரித்தேன். யாரும் குட்டியைத் தடுக்கவில்லை.

எறும்பு

ஒன்பதரைக்கு மாமி மாத்திரை போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். குட்டியைக் கூண்டில் விட்டுக் கொக்கியைப் போட்டேன். அழுதது. அழுதால் உடனே வெளியே எடுக்கக்கூடாது, பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்தால் போதும் என்று பட்டியலில் இருந்தது. கம்பி வழியாக விரலை விட்டேன். பிடித்துச் சப்பியது. ஊசி ஊசியான பல். அப்படியே ஒரு மணி நேரம் போனது.

பதினொன்றுக்கு மேல் திடீரென்று வீல் என்று கத்தியது. இது வேறு அழுகை. டார்ச் அடித்துப் பார்த்தேன். புத்தக அலமாரிக்கு அடியிலிருந்து கூண்டு வரைக்கும் சிவப்பு எறும்பு சாரை. காய்ந்துகொண்டிருந்த கோலத்தின்மேல் மொய்த்து, கம்பிக்குள் ஏறி, வேட்டியின் மடிப்பில் நுழைந்திருந்தது. குட்டியின் வயிறு பூராவும் தடிப்பு.

வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். வேட்டியை உதறினேன். கோலத்தை ஈரத் துணியால் துடைத்தேன். அரைமணி கழித்துப் பார்த்தால் பழையபடி சாரை.

சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் எறும்பு சாக்பீஸ் இருந்தது. சென்னையில் அது இல்லாத சமையலறையை நான் பார்த்ததில்லை. கோடு போட்டால் எறும்பு தாண்டாது. வேலை பார்த்த வீடுகளிலெல்லாம் போட்டிருக்கிறேன். சாரின் கட்டில் காலைச் சுற்றிப் பத்து மாதமும் நான்தான் போட்டேன். அட்டையில் பொடி எழுத்தில் என்னவோ இங்கிலீஷில் இருந்தது. நான் அதைப் படிக்க முயன்றதே இல்லை.

கூண்டைச் சுற்றி நாலு பக்கமும், கம்பிக்கு ஒரு விரல் தள்ளி, தடிமனாகக் கோடு இழுத்தேன். எறும்பு வந்தது, தடுமாறியது, திரும்பியது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மனிதருக்குப் போடுவதையே நாய்க்கும் போட்டேன். மனிதர் தரையை நக்குவதில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. தரையில் வெள்ளைக் கோடு இருந்தால் அது தின்பதற்கு என்று அந்தக் குட்டிக்கு அன்று சாயங்காலம்தான் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கற்றுக்கொடுத்திருந்தோம். அதுவும் தோன்றவில்லை.

சைக்கிள் டீ

ராத்திரி வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்றரை மணி என்பது ஒரு பள்ளம். அதைத் தாண்டிவிட்டால் விடியும் வரை போய்விடலாம். தாண்டுவதற்கு ஒரு டீ வேண்டும். மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிளில் கேன் வைத்து ஒருவர் டீ விற்பார். காவலாளிகள், ஆட்டோக்காரர்கள், ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகிறவர்கள் என்று எப்போதும் நாலு பேர் நிற்பார்கள்.

சாரைப் பார்த்துக்கொண்டபோது ஒரு நாள்கூடப் போனதில்லை. ஃபிளாஸ்கில் போட்டு வைத்துக்கொள்வேன். அன்றைக்கு மட்டும் ஏன் போனேன்? நாய்க்குட்டிதானே என்று போனேன். அதற்கு மேல் காரணம் இல்லை.

குட்டி வேட்டியில் சுருண்டு தூங்கியது. ஒன்றேகால் மணி. பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று இறங்கினேன்.

டீக்காரரிடம் சலீம் பாய் நின்றிருந்தார். மந்தைவெளியில் இரவில் ஆட்டோ ஓட்டுகிறவர், சார் காலத்திலிருந்து பழக்கம். பேசிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. ஒதுங்கினோம். மழை பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டது. அதற்குப் பிறகும் நான் நின்றேன். ஈர ரோடு, டீ ஆவி, யாரோ யாருடைய மகள் கல்யாணத்தைப் பற்றியோ பேசுவது. எனக்கு அப்படி நிற்பது பிடிக்கும். திரும்பியபோது மணி இரண்டு.

ஈரத் துணி

முதலில் நான் செய்தது குட்டியை எடுத்ததல்ல. எழுதுவதற்குக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். சமையலறைக்கு ஓடி ஈரத் துணியைக் கொண்டுவந்து கோட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

கோடு இல்லையென்றால் சாக்பீஸ் இல்லை. குட்டி தானாக நோய் வந்து விழுந்தது. ஐம்பது நாள் குட்டிக்கு எதுவும் வரலாம். காலையில் மாமி எழுந்து பார்ப்பார், அழுவார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். இதெல்லாம் துணி தரையில் போகிற வேகத்தில் மனசில் போனது.

இரண்டு பக்கம் துடைத்துவிட்டேன். மூன்றாவது பக்கம் வரும்போது குட்டி ஒரு சத்தம் போட்டது. பூனை மாதிரி, மெல்லியதாக. நிமிர்ந்து பார்த்தேன். தலையைத் தூக்க முயன்றது. தலை ஆடியது, விழுந்தது. மறுபடியும் தூக்கியது. நான் இருக்கும் பக்கம்தான் தூக்கியது.

துணியைப் போட்டுவிட்டு மாமியின் அறைக்கு ஓடினேன்.

மாத்திரைத் தூக்கத்திலிருந்து ஒருவரை எழுப்புவது லேசில்லை. தோளைக் குலுக்கினேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். “மாமி, கிச்சு! கிச்சுவுக்கு முடியல!” மாமி எழுந்து உட்கார்ந்து என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். கூண்டைப் பார்த்தார். கீழே பார்த்தார்.

“என்ன ஆச்சு? எறும்பு சாக்பீஸா அது? நக்கிடுத்தா?”

“ஆமா மாமி.”

“அடப் பாவி,” என்றார். என்னைச் சொன்னாரா, குட்டியைச் சொன்னாரா, தெரியவில்லை.

சலீம் பாய்க்குப் போன் போட்டேன். சாக்பீஸ் அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த அளவுக்காவது புத்தி இருந்தது.

பாலம்

அடையாறில் ராத்திரியிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை ஒன்று சலீம் பாய்க்குத் தெரிந்திருந்தது. மாமி நைட்டிமேல் ஒரு புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குட்டி வேட்டியோடு அவர் மடியில். துடிப்பு இப்போது முன்னங்காலுக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் மாமி “மெதுவா, மெதுவா” என்றார், அடுத்த மூச்சில் “சீக்கிரம் போப்பா” என்றார்.

“போய்க்கினேதாம்மா கீறேன்,” என்றார் சலீம் பாய். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இன்னாக்கா, இப்பதானே என்னாண்ட நின்னு டீ குடிச்சிக்கினு இருந்த? அதுக்குள்ள இன்னா ஆச்சு?”

ஆட்டோ அடையாறு பாலத்தில் ஏறியது. ஆற்றிலிருந்து சேற்று நாற்றமும் குளிர்காற்றும் சேர்ந்து அடித்தன. மாமி மெதுவாக முகத்தைத் திருப்பினார்.

“எந்த டீ?”

“அப்புறம் சொல்றேன் மாமி.”

மாமி மறுபடி கேட்கவில்லை. குட்டியின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். சலீம் பாய்க்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

எப்போ நக்கிச்சு?

டாக்டர் முப்பது வயதுகூட ஆகாத பெண். தூக்கக் கலக்கமே இல்லாமல் வந்தார். குட்டியை எஃகு மேஜையில் கிடத்தி, கண்ணைப் பிரித்துப் பார்த்தார். ஈறைப் பார்த்தார். தெர்மாமீட்டர் வைத்தார். நான் அட்டையை நீட்டினேன். வாங்கிப் படித்தார்.

“எவ்வளவு நக்கிச்சு?”

மாமிதான் பதில் சொன்னார். “கூண்டைச் சுத்திக் கோடு போட்டிருக்கா டாக்டர். நான் பாக்கறச்சே ரெண்டு பக்கம் கோடே இல்லே. அத்தனையும் நக்கியிருக்கு.”

டாக்டரின் முகம் மாறியது. உள்ளே திரும்பி உதவிக்கு இருந்த பெண்ணிடம் ஏதோ மருந்தின் பெயர் சொன்னார். அளவும் சொன்னார். அந்தப் பெண் “ரெண்டு கிலோகூட இல்லையே டாக்டர்” என்றாள்.

“தெரியும். அவ்வளவு சாப்பிட்டிருந்தா வேற வழியில்ல.” டாக்டர் என் பக்கம் திரும்பினார். “எப்போ நக்கிச்சு? பக்கத்துல யார் இருந்தீங்க?”

“நான்தான்.”

“எவ்வளவு நேரம் முன்னாடி?”

“இப்பதான் டாக்டர். பாத்ததும் கூட்டிட்டு வந்துட்டோம்.”

“நக்கும்போது பாத்தீங்களா?”

“ஆமா,” என்று வாய் சொல்லிவிட்டது.

“இப்பதான் நக்கினதுன்னா விஷம் இனிமேதான் ஏறும், அதிகமா மருந்து குடுக்கணும். முன்னாடியே நக்கினதுன்னா ஏற வேண்டியது ஏறியாச்சு, அவ்வளவு குடுத்தா மூச்சே நின்னுடும். அதனாலதான் கேக்கறேன்.”

அந்தப் பெண் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஊசிக்குள் மருந்து ஏறுவது எனக்குத் தெரிந்தது. மாமி குட்டியின் வெள்ளைக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர், இருங்க,” என்றேன். “நான் பாக்கல. வீட்டுல இல்ல. டீ குடிக்கப் போயிட்டேன். முக்கா மணி நேரம். அதுக்குள்ள எப்ப வேணா நக்கியிருக்கலாம்.”

அந்தப் பெண் ஊசியை அப்படியே நிறுத்திப் பிடித்தாள்.

“அப்புறம், ரெண்டு பக்கம் இது நக்கல. நான் துடைச்சேன். நக்கினது ஒரு சாண்தான்.” கையை விரித்துக் காட்டினேன். “இவ்ளோதான்.”

“எதுக்குத் துடைச்சீங்க?”

“தெரியாம இருக்கறதுக்கு.”

டாக்டர் என்னை ஒரு நொடிதான் பார்த்தார். திட்டுவதற்கு அவருக்கு நேரமில்லை. ஊசியை வாங்கி மருந்தில் பாதிக்கும் மேல் வெளியே தள்ளினார். மிச்சத்தைப் போட்டார். வாயைக் கழுவினார்கள். வெந்நீரில் சோப்புப் போட்டுக் காலையும் வயிற்றையும் தேய்த்தார்கள். முன்னங்காலில் மயிரைச் சிரைத்து நூல் மாதிரி ஒரு குழாயைச் செருகினார்கள். பிறகு எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலிகள்

வெளியே நாலு நாற்காலி இருந்தது. மாமி ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். நான் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு காலி.

சாருக்குக் கடைசி நாட்களில் மூச்சுத் திணறியபோது நாங்கள் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அப்போது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது பிடிக்கவில்லை, பிடிக்கவும் மாட்டார். அதை எதிர்பார்க்கிற நிலையில் நானும் இல்லை.

சலீம் பாய் போகாமல் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். ஒருமுறை வந்து எட்டிப் பார்த்து, “இன்னா சொல்றாங்க?” என்று கேட்டார். மாமி தலையை ஆட்டினார். அவர் திரும்பிப் போய்விட்டார்.

எழுந்து போய்விடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. வாசல் திறந்துதான் இருந்தது. பஸ் ஓடத் தொடங்கும் நேரமும் நெருங்கிவிட்டது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நான் கிளம்பிய ராத்திரிகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஏதாவது ஒன்று உடைந்திருக்கும், யாராவது பேசாமல் இருப்பார்கள். ஆனால் உள்ளே அந்தக் குட்டி என்ன ஆனது என்று தெரியாமல் எழுந்திருக்கக் கால் வரவில்லை.

ஐந்தரைக்கு டாக்டர் வந்தார். “துடிப்பு குறைஞ்சிருக்கு. இன்னும் சொல்ல முடியாது. மத்தியானம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். தானா எழுந்து தண்ணி குடிச்சா கூட்டிட்டுப் போகலாம்.”

“குடிக்கலேன்னா?” என்றார் மாமி.

“பாக்கலாம்மா.”

மாமி வீட்டுக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. சலீம் பாய் போகும்போது இரண்டு பேருக்கும் இட்லிப் பொட்டலம் வாங்கி நடு நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். பத்து மணி வரை அது அப்படியே இருந்தது. பிறகு மாமி பிரித்து இரண்டு இட்லியை இலைத் துண்டில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

தண்ணீர்

பதினொன்றரை இருக்கும். உள்ளே கூப்பிட்டார்கள்.

குட்டி ஒரு அட்டைப்பெட்டியில் நின்றுகொண்டிருந்தது. நாலு காலையும் அகட்டி, குடித்தவன் மாதிரி நின்றது. முன்னால் கிண்ணத்தில் தண்ணீர். மூக்கை வைத்தது, தும்மியது. எங்களைப் பார்க்கவில்லை. பிறகு குடித்தது. ஐந்தாறு நக்கு. கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. மறுபடி கழுத்தை நீட்டிக் குடித்தது.

மாமி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் மருந்து எழுதினார். இன்னும் இரண்டு ராத்திரி அடிக்கடி பார்க்க வேண்டும், மூச்சு வேகமாக இருக்கிறதா, துடிப்பு திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும், தூங்குகிறதே என்று விட்டுவிடக்கூடாது. சொல்லும்போது என்னைத்தான் பார்த்துச் சொன்னார்.

ஆட்டோவில் மந்தைவெளி வரும் வரை மாமி குட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டார். நான் படியிலேயே நின்றேன். என் பை மேலே ஹாலில் இருந்தது.

“பையை எடுத்துக்கறேன் மாமி.”

“இருக்கட்டும். ராத்திரி எட்டு மணிக்கு வந்துடு.”

நான் படியில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“நானும் இன்னிக்கு மாத்திரை போட்டுக்கப் போறதில்லே,” என்றார். “முழிச்சிண்டுதான் இருப்பேன்.”

“என்மேல நம்பிக்கையில்லையா மாமி?”

“இல்லே.”

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கரண்ட் இல்லை என்று சொல்வது மாதிரி சொன்னார்.

“அப்புறம் எதுக்கு மாமி நான்?”

மாமி குட்டியின் தலையை மறுதோளுக்கு மாற்றினார். “எனக்குத் தனியா முழிச்சிண்டு பழக்கமில்லே. அத்தோட, டாக்டர் ஏதாவது கேட்டா நீ உள்ளதைச் சொல்லிடுவே.” படியேறிப் போய்விட்டார்.

எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் போனேன். ஹால் தரையை மாமி சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். கூண்டின் மூலைகளை நாலு தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தப் பார்த்துத் தோற்று, கடைசியில் கூண்டையே ஒரு மேஜைமேல் ஏற்றி, மேஜைக் கால்களைத் தண்ணீரில் நிறுத்தியிருந்தார். சாரின் இரண்டாவது வேட்டி உள்ளே விரித்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கொண்டுபோன வேட்டி துவைத்துக் கொடியில் தொங்கியது.

மாமி கூண்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டார். நான் இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். குட்டி மூச்சு விடுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொன்றரைக்கு மாமியின் தலை சாய்ந்தது. மாத்திரை இல்லாமலே தூங்கிவிட்டார்.

ஒன்றரை மணி வந்தது. கீழே ரோட்டில் சைக்கிள் மணி கேட்டது. எழுந்து குட்டியின் நெஞ்சில் இரண்டு விரலை வைத்தேன். ஏறி இறங்கியது. இரண்டரைக்கு ஒன்றுக்கு விட்டுக் கொண்டுவந்து படுக்க வைத்தேன். மூன்றுக்கு மறுபடி விரல் வைத்தேன். நாலுக்கு வைத்தேன்.

ஐந்து மணிக்கு வாசலில் பால் பாக்கெட் விழுந்தபோது, அந்த ஹாலில் இருந்த மூன்று பேரில் நான் ஒருத்திதான் முழித்திருந்தேன்.